பதவி போன பிறகு ஒய்பி திறந்து வைத்த கதவு

இரண்டு வருடத்துக்கு முன்னால், மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து வெகு காலமானாலும், தோட்டத்து இடுகாட்டில் தன் தாயார் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பாதி வழியாவது வருவேன் என்று பிடிவாதமாக அவரை ஏற்றிய வேனில் ஏறினேன். போய்ப் பார்த்தால் பாதையை மறித்து இரும்புக் கதவு, பெரிய பூட்டு. தோட்டம் கைமாறியிருந்தது. காவலுக்கு நின்ற நேப்பாளத்துக்காரர், மேனேஜர் சொல்லாமல் திறக்க மாட்டேன் என்றார். மேனேஜரோ போனை எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

சாவுக்கு வந்த கூட்டத்தில் எங்கள் பழைய சட்டமன்ற உறுப்பினரும் நின்றிருந்தார். அந்தப் பதவியில் இருப்பவரை இங்கே மரியாதையாக ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்களோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். படித்து, வக்கீலாகி, இரண்டு தவணை ஜெயித்து, எங்கள் ரோட்டுக்குத் தார் போட்டுக் கொடுத்து, மூன்றாம் தடவை தோற்றுப்போனவர். நான் யாரிடமும் போய் நின்றவள் இல்லை. அவர் பதவியில் இருந்தபோதுகூட ஒரு உதவி கேட்டதில்லை.

என் மூத்த மகன் பழக்கத்தில் அவரைக் காட்டி, ஒய்பி வந்திருக்கிறார் என்று மலாயில் சொல்லிவிட்டான். காவல்காரர் சட்டென்று நிமிர்ந்து சல்யூட் அடித்துச் சாவியை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அந்தப் பழைய ஒய்பியே காவல்காரர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தான் இப்போது ஒய்பி இல்லை என்றார். சாவி திரும்பப் பைக்குள் போனது.

"கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்லா. அப்பா வெயில்ல கெடக்குறாரு" என்றான் மகன். எனக்கும் வயிறு எரிந்தது.

"நாளைக்கு விசயம் தெரிஞ்சா இவன் வேலை போயிரும் தம்பி. இவனும் நம்மள மாரி கூலிக்கு வந்தவன்தான்" என்றார் அவர். பிறகு என்னிடம் வந்து, "செத்த பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, என் மகனையும் கூட்டிக்கொண்டு ரப்பரை அழித்து நட்டிருந்த செம்பனை எண்ணெய் மரங்களின் வரிசைக்குள் புகுந்து ஆபீசுக்கு நடந்தார்.

அங்கே மேனேஜரிடம் அவர் சத்தம் போடவில்லையாம். தன்னைப் பெற்றவர்களும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறார்கள், நாளைக்குத் தானும் அங்கேதான் வரவேண்டும் என்று மட்டும் சொன்னாராம். மேனேஜர் அவர்களைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். இனிமேல் தோட்டத்து ஜனங்கள் யார் இறந்தாலும் கேட்க வேண்டியதில்லை, கதவைத் திறந்துவிடு என்று எங்கள் எதிரிலேயே காவல்காரரிடம் சொன்னார்.

என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தோள் கொடுத்தவர்களில் பழைய ஒய்பியும் ஒருவர். நான் கதவோரம் நின்று, மரங்கள் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லித் திறந்திருந்தால் அந்தக் கதவு அன்றைக்கு ஒரு நாள்தான் திறந்திருக்கும். என் முறை வரும்போது எனக்கும் திறக்கும் என்று இன்று நான் நிம்மதியாக இருப்பது, தோற்றுப்போன அந்த மனிதரால்தான்.