வேட்டியால் அளந்த டிப்பர்

1. அளவு வந்த விதம்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆம்பள யாரும் இல்லியாம்மா?" என்பதுதான். திண்டிவனத்தில் டிராக்டர் ட்ரெய்லர் செய்து விற்கிற பட்டறை அது. பின்பக்கம் வெல்டிங்கும் கட்டிங்கும் நடக்கும். முன்பக்கம் ஒரு மேஜை, ஒரு ஃபேன், நான். கண்டமங்கலத்திலிருந்து கிளம்பி, பாண்டியில் பஸ் மாறி வருவேன். எந்த டிராக்டருக்கு எந்த ட்ரெய்லர் பொருந்தும் என்று சொல்லி விற்பது என் வேலை. ஆம்பளை இல்லையா என்று கேட்பவர்களிடம், "இருக்காரு, பின்னாடி டீ குடிக்கிறாரு. அவரு வந்தாலும் என்னத்தான் கேப்பாரு" என்பேன். முதலாளி காதில் இது விழாமல் இல்லை. ஆனால் உண்மை என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஹெச்.பி., டன், ஜாக்கி எல்லாம் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்க முடியாதது மனிதர்களை. அதற்குக் கிளியனூர் ஏழுமலை கதைதான் சரி.

ஏழுமலை ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து ஓர் எட்டு முழ வேட்டியையும் ஒரு துண்டையும் எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் ஜவுளிக்கடை பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லப் போனேன்.

"இந்த வேட்டி நீளம், இந்தத் துண்டு அகலம். இதுக்குக் கொறையாம ஒரு டிப்பர் பண்ணிக் குடுங்க மேடம்" என்றார்.

விசாரித்ததில் விஷயம் வந்தது. அவருடைய சகலை தண்டபாணி திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். ஐம்பது ஹெச்.பி. டிராக்டர், அதற்குத் தகுந்த பெரிய டிப்பர் ட்ரெய்லர். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு ஏழுமலை போயிருக்கிறார். அந்த டிப்பரைப் பார்த்ததும் அதே அளவில் தனக்கும் வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. டேப் வைத்து அளந்தால் சகலை ஆயுசுக்கும் கிண்டல் செய்வார். அதனால் கட்டியிருந்த வேட்டியைத் துவைத்து, காயப்போடுவதுபோல ட்ரெய்லர் மேல் விரித்து, முன்பலகைக்கு ஒரு முனை, பின்கதவுக்கு ஒரு முனை என்று பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். அகலத்துக்குத் துண்டு.

"ஈரத்துல அளந்தீங்களா, காஞ்சப்புறம் அளந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஈரத்துல... ஏங்க, சுருங்கி இருக்குமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க டிராக்டரு எத்தினி ஹெச்.பி.?" என்றேன்.

"சின்னதுதான். இருவத்திநாலு." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். டிப்பர் தானாகத் தூக்காது. டிராக்டரிடம் இருக்கிற ஆயில்தான் பைப் வழியாகப் போய் அடியில் இருக்கிற ஜாக்கியைத் தள்ளும். பெரிய டிப்பருக்குப் பெரிய ஜாக்கி. அது குடிக்கிற ஆயில் சின்ன டிராக்டரிடம் கிடையாது. பாதி தூக்கிவிட்டு நின்றுகொள்ளும். அதோடு பாரம் ஹூக்கை எவ்வளவு அழுத்துகிறதோ, முன்சக்கரம் அவ்வளவு லேசாகும். மேடு ஏறினால் டிராக்டர் மூக்கைத் தூக்கும். உங்களுக்கு ஒன்றரை டன் சின்ன டிப்பர் போதும் என்று வாசலில் நின்ற ஒன்றைக் காட்டினேன்.

ஏழுமலை அதைச் சுற்றிவந்தார். "இது இன்னா மேடம், புள்ளைங்க வெளையாடுற சாமான் மாரி இருக்குது. இத ஊருக்குள்ள இட்டுக்கினு போனா நாய் கூட கொலைக்காது."

அப்போதுதான் வெளியே டயர் குவியல் பக்கத்தில் ஒரு பெண் வெயிலில் நிற்பதைப் பார்த்தேன். அவர் மனைவி சாவித்திரி. உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினாள்.

"கழுத்துல இன்னாம்மா?"

"எருக்கூடைதான் அக்கா. எருக்குழி வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல இருக்குது. சந்து வழியா தலையில தூக்கிக்கினு வந்து தெருவுல நிக்கிற வண்டியில கொட்டணும். வாடகை வண்டி எதுவும் உள்ள வராது. சொந்தமா வண்டி வந்தா என் கழுத்து பொழைக்கும்னுதான் லோனுக்கு ஒத்துக்கினேன். டாக்டரு இனிமே தூக்கக் கூடாதுன்னுட்டாரு."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சும்மா இரு" என்றார் ஏழுமலை, வேட்டியை மடித்தபடியே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

இந்த நேரம் பார்த்து முதலாளி டீயை முடித்துக்கொண்டு வந்தார். "கேட்டதக் குடுத்துட்டுப் போயேன் பிலோமி. கஸ்டமரு சாமி மாரி."

"சாமியா இருந்தாலும் ஆயிலு இல்லாம தூக்காது சார்" என்றேன். ஏழுமலையிடம் திரும்பி, "உங்க சகலை வண்டியவே ஒரு நாளைக்கி வாங்கி உங்க டிராக்டர்ல மாட்டிப் பாருங்க. இழுத்து, தூக்கி, கொட்டிட்டா அதே அளவுல பண்ணித் தரேன். நானே வந்து பாக்கறேன்" என்றேன்.

சகலையிடம் எப்படிக் கேட்பது என்று ஏழுமலை இழுத்தார். அதற்குள் சாவித்திரி போனை எடுத்து, தண்டபாணியைக் கட்டியிருக்கிற தன் அக்காவிடம் பேசி முடித்துவிட்டாள். "மாமாவே இட்டுக்கினு வர்றாராம்" என்றாள். ஏழுமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2. கிளியனூரில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெக்கானிக் பூபாலனோடு போனேன். தண்டபாணி தன் பெரிய டிராக்டரில் டிப்பரை இழுத்துக்கொண்டு வந்து தெருவை அடைத்து நிறுத்தியிருந்தார். ஆள் கனத்த உடம்பு, அதற்கேற்ற குரல்.

இறங்கியதுமே, "சகல, அன்னிக்கி வண்டி மேல வேட்டி காயப்போட்டியே, அப்பவே நெனச்சேன். வீட்டுல கொடி இருக்கச்சொல்ல இவன் இன்னாத்துக்கு இங்க விரிக்கிறான்னு" என்றார். தெருவே சிரித்தது. ஏழுமலை டிராக்டர் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பெரிய டிப்பரைக் கழற்றிச் சின்ன டிராக்டரில் மாட்டினார்கள். ஹூக் தாழ்ந்திருந்ததால் ட்ரெய்லர் முன்பக்கம் சரிந்து நின்றது. சந்துக்குள் அது நுழையாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆகவே எரு தலைச்சுமையாகத்தான் வரவேண்டும். சாவித்திரி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தி நான் தடுத்தேன். "யாரு தூக்குவாங்க அக்கா, நீங்களா?" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் ஜாக்கியைச் சுற்றி நின்று ஆயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூடைக்கும் அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பாதி நிரம்பியதுமே போதும் என்று நான் நிறுத்தினேன். டிராக்டர் முக்கி முனகித் தார்ரோட்டில் போனது. ரோட்டிலிருந்து நிலத்துக்கு இறங்குகிற இடத்தில் ஒரு மேடு. அதில் ஏறும்போது முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுவிட்டன. ஏழுமலை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புகிறார், டிராக்டர் நேராக வானத்தைப் பார்க்கிறது. கிளட்சை மிதித்ததும் தொப்பென்று இறங்கியது.

"முன்னாடி வெயிட்டு பத்தல, அவ்ளோதான்" என்றார் தண்டபாணி. சொல்லிவிட்டு அவரே போய் முன்பக்க பம்பரில் உட்கார்ந்துகொண்டார்.

"யோவ், எறங்குங்க! அடிபடும்" என்று கத்தினேன். என்னைவிட அவர் குரல் பெரிது.

"ஒன்னும் ஆவாதும்மா. நான் இருக்கிற வெயிட்டுக்கு ராக்கெட்டே எழும்பாது. ஓட்டு சகல, ஜல்தி!"

உண்மையாகவே ஏறிவிட்டது. தன் டிப்பரைத் தன் உடம்பாலேயே ஏற்றிவிட்ட பெருமையில் அவர் பம்பரைவிட்டு இறங்கவே இல்லை. கால்வாய் ஓரமாக வண்டி நின்றது. ஏழுமலை லீவரை இழுத்தார். தொட்டி எழும்பியது. ஊர்க்காரர்கள் ஓவென்றார்கள். ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் தொட்டி நின்றுவிட்டது. ஆயில் தீர்ந்துபோய் பம்ப் கீச்சென்று கத்தியது. பாதி சாய்வில் ஈர எரு அசையவே இல்லை.

"லீவர வுட்டு கீழ எறக்குங்க" என்று பூபாலன் சொன்னான். அதற்குள் இரண்டு பேர் மம்பட்டியோடு மேலே ஏறி எருவைப் பின்னால் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். எரு மொத்தமும் ஒரே கட்டியாகச் சரிந்து பின்கதவுக்குப் போய், அங்கே ஒட்டிக்கொண்டது. பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால். ட்ரெய்லரின் மூக்கு மேலே கிளம்பியது. ஹூக்கோடு சேர்ந்து டிராக்டரின் பின்சக்கரங்களும் கிளம்பின.

வரும்போது வானத்தைப் பார்த்த டிராக்டர் இப்போது தரையைக் கும்பிட்டது. கும்பிட்ட வேகத்தில் பம்பரில் இருந்த தண்டபாணி வழுக்கிக் கால்வாய்ச் சேற்றில் உட்கார்ந்தார். மேலே நின்ற இருவரும் எருவிலேயே குதித்தார்கள். ஏழுமலை சீட்டில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். பிறகு எரு பிய்த்துக்கொண்டு விழுந்தது, டிராக்டர் தடாலென்று பழையபடி நின்றது.

யாருக்கும் அடியில்லை என்று தெரிந்தபிறகுதான் ஜனங்கள் சிரித்தார்கள். நானும்தான். தண்டபாணி சேற்றிலிருந்து எழுந்திருக்காமலே, "என் வண்டில ஒன்னும் கொற இல்ல" என்றார்.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வரப்பில் உட்கார்ந்து, "பேஜாராப் போச்சு. டிராக்டரையே வித்துடறேன் மேடம். இது ஒன்னுத்துக்கும் ஆவாது" என்றார். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"டிராக்டரு மேல தப்பு இல்ல" என்றாள் சாவித்திரி. சும்மாடு இன்னும் தலையிலேயே இருந்தது. "அக்கா, உங்க வாசல்ல இருந்த சின்ன வண்டிய அனுப்புங்க. நான் பாக்கணும்."

3. சந்து

பூபாலன் பட்டறைக்குப் போய் அந்த ஒன்றரை டன் டிப்பரை மத்தியானத்துக்குள் கொண்டுவந்தான். ஏழுமலை அதைத் தன் டிராக்டரில் மாட்டிச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தார். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதற்கு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவர் ஒடித்த ஒடிப்பில் பக்கத்து வீட்டு வேலியும் கோழிக்கூடும் தப்பித்தது பெரிய விஷயம். சாவித்திரி பின்னால் நின்று, "இன்னும் வரட்டும், வரட்டும், ஒடிக்காத, ஒடிக்காதன்றேன்ல!" என்று கத்திக்கத்தி வழிகாட்டினாள். கடைசியில் டிப்பர் எருக்குழி விளிம்பில் போய் நின்றது.

குழிக்குள் இறங்கி மம்பட்டியால் வாரி நேராகத் தொட்டியில் போட்டார்கள். இப்போது ஏழுமலையே வாரினார். தலைக்கு வேலையே இல்லை. மேட்டில் முன்சக்கரம் தரையிலேயே இருந்தது. நிலத்தில் லீவரை இழுத்ததும் தொட்டி முழுசாக எழும்பி, எரு அப்படியே சரிந்து குவியலாக விழுந்தது. எல்லாம் நாம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம்தான்.

தொட்டி இறங்கியதும் சாவித்திரி, "இன்னொரு தபா தூக்குங்க" என்றாள்.

"காலி வண்டிடி."

"தெரியுது. தூக்குங்க."

தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கச் சொன்னாள். அப்புறம் அவரைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தாள். தொட்டி ஏற ஏற அவள் சிரித்தாள். கடைசியில் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. "இம்மாந்தூண்டு இரும்பு தூக்கிடுது... இத்தன வருசமா என் தலையில தானே இந்த எருவெல்லாம் ஏறிச்சி" என்றாள். ஏழுமலை பக்கத்தில் வந்து நின்று, லீவரை எப்படி மெதுவாக விடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு பெண் தனியாக எங்கள் பட்டறைக்கு வந்தாள். தண்டபாணியின் மனைவி. "எந்தங்கச்சிக்கிக் குடுத்தீங்களே, அதே மாரி ஒன்னு வேணும். எங்கூட்டுலயும் எருக்கூடை என் தலையிலதான். அவரு கேட்டா பெருசுன்னு சொல்லுங்க" என்றாள்.

இப்போதும் நான் ஹெச்.பி. கேட்கிறேன், ஜாக்கி பார்க்கிறேன், அதெல்லாம் கேட்காமல் ட்ரெய்லர் விற்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் எழுந்து வாசலுக்குப் போய், டயர் குவியல் பக்கத்தில் யாராவது வெயிலில் நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் கேள்வியை அவர்களிடம்தான் கேட்கிறேன்.