கால் மணி நேரம் முந்தி அடித்த மணி

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாச்சராக இருந்தேன். மணி அடிப்பதும் என் வேலைதான். மணி என்றால் கோயில் மணி மாதிரி இல்லை. மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பனி மூடிய நாளில் அதன் சத்தம் கீழே நாங்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் போகும்.

டான்ஸ் டீச்சர் பூண்டுலோயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நடனப் போட்டிக் காலத்தில் பிள்ளைகளுக்குத்தான் கவனிப்பு. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் முட்டை அவித்துக் கொடுத்துவிடுவார்கள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். டீச்சர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்டதில்லை. அவர் சில்லென்ற சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, கட்டையைத் தட்டித் தட்டி, "தா தெய் தெய் தா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். ரொட்டிப் பார்சல் கட்டினபடியே கிடக்கும்.

என் வீட்டுக்காரி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஒன்று வீட்டில் இருந்தது. அவள் கண்ணை மூடின பிறகு அதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அதைத் துவைத்து மடித்து, டீச்சர் உட்கார்கிற இடத்தில் போட்டேன். பிளாஸ்கில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணி. கடைசிப் பஸ்ஸை அவர் விட்டுவிடக் கூடாதென்று, போட்டிக் காலத்தில் மட்டும் சாயந்தர மணியைக் கால் மணி நேரம் முந்தி அடிப்பேன். மணி கேட்டால்தான் எழும்புவார், அந்தத் தண்ணியைக் குடிப்பார்.

ஒரு நாள் கைபோனில் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தாத்தா, ஒங்க மணிக்கு மட்டும் என்னா இவ்வளவு அவசரம்?"

"பழைய இரும்பு டீச்சர். குளிருக்கு முந்திக்கிட்டு அடிக்குது."

அந்த வருசம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் குரல் போய்விட்டது. மூன்று நாள் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் குரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். கட்டையை மட்டும் தட்டினார். சொல் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை. அவர் பொறுக்க முடியாமல் வாயைத் திறக்கப் போனார்.

"நீங்க பேசாம இருங்க டீச்சர், நான் சொல்றேன்" என்றேன்.

வராந்தா கூட்டிக்கொண்டே வருசக்கணக்காகக் கேட்டதுதானே, எல்லாம் மனதில் இருந்தது. ஆனால் நான் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தவன். தப்பில் ஒரு சுற்று முடிந்தால், கடைசியில் ஓங்கி ஓர் அடி சேர்த்துத்தான் கையை நிறுத்துவோம். வாயும் அப்படியே நிறுத்தியது. பிள்ளைகளும் ஒரு மிதி சேர்த்து மிதித்தார்கள். டீச்சர் கையை ஆட்டி ஆட்டித் திருத்தினார், சத்தமே வராமல் சிரித்தார். அந்த மூன்று நாளும் என் வயதை மறந்திருந்தேன்.

குரல் திரும்பியது. போட்டியில் அவரே ஜதி சொன்னார். ஆட்டம் முடிந்து அவர் நிறுத்திய பிறகு, பயத்திலோ என்னவோ, எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு மிதி மிதித்தார்கள். பரிசு இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. டீச்சர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"பரிசு அடுத்த வருசம் வாங்கலாம் தாத்தா. தொண்டைய எங்க போயி வாங்குறது?"

அடுத்த வருசம் அவர் இல்லை. சொந்த ஊருக்கே மாற்றம் கிடைத்துப் போய்விட்டார். நானும் வேலையை விட்டேன். இப்போது போட்டிக் காலத்தில் பள்ளிக்கூடப் பக்கம் போனால் போனில் பாட்டு ஓடுகிறது. அந்தக் குரல் இல்லை.

போன மாதம் மனம் கேட்காமல் பூண்டுலோயாவுக்குப் பஸ் ஏறினேன். அவர் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, கொஞ்சமும் கரகரப்பில்லாமல். அவர் பக்கத்தில் பிளாஸ்க் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. சாயந்தர மணி அடித்தது. குரல் நிற்கவில்லை. வெகுநேரம் நிற்கவில்லை.

உள்ளே போய் அவர் வேலையைக் கெடுக்க மனமில்லை. கேட்டில் நின்ற வாச்சரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, போட்டி முடியிற வரைக்கும் மணியக் கால் மணி நேரம் முந்தி அடிங்க. அப்பதான் டான்ஸ் டீச்சர் நேரத்துக்கு எழும்புவாங்க."

"நீங்க யாருங்க?"

"பழைய வாச்சர்" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோயிருந்த கொத்தமல்லித் தண்ணி பிளாஸ்கை டீச்சருக்கென்று அந்தத் தம்பி கையில் கொடுத்தேன்.