இடிக்கு மேலே போன குருத்தோலை

மொன்றியலில் இடி இடித்தால் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் கட்டடத்துக்காரர்கள் கதிரையும் பியருமாகப் பல்கனிக்கு வந்து மின்னல் பார்ப்பார்கள். என் மனைவி மெற்றில்டா பல்கனிக் கதவைப் பூட்டிவிட்டு, குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த குருத்தோலையில் ஒரு நறுக்குக் கிள்ளி மெழுகுதிரியில் பொசுக்குவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மன்னாரில் அவளுடைய அண்ணன் கடலில் மின்னல் தாக்கி இறந்தவர். அவர் கடைசியாகப் பின்னிய குருத்தோலைச் சிலுவையை அவள் இங்கே வரும்போது கையோடு கொண்டுவந்தாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருசன் நான், இடியைத் தேடிப்போய் ஆராய்கிற ஆள்.

ஊரில் பகலில் வெயில் கொளுத்தினால் பின்னேரம் இடிக்கும். கனடாவின் நடுச் சமவெளியிலோ கோடையில் சூரியன் போய் நெடுநேரத்துக்குப் பிறகுதான் இடிமுகில் எழும்புகிறது. வெயிலில்லாத நேரத்தில் எது அதைத் தூக்குகிறது என்று அறியத்தான், இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை முழுவதும் சஸ்காட்செவனில் பலூன் விட்டோம். பலூனில் தொங்கும், பஞ்சுபோலப் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி காற்றையும் ஈரத்தையும் அளந்து அனுப்பும். புறப்படுமுன் ஒரு பெட்டியை வீட்டில் வைத்துச் சரிபார்த்தபோது, "இது எப்பவும் என்ரை கைக்குள்ளைதான் இருக்கும்" என்று மெற்றில்டாவிடம் பெருமையடித்தேன். மேலே போகிற பெட்டி என்று சொல்லவில்லை.

முதல் இரவே அந்தப் பெட்டியைப் பறக்கவிட்டோம். உயரத்தில் பலூன் வெடித்தால் பெட்டி எங்கேயாவது போய் விழும். விடிய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணையின்ரை சிலுவை பத்திரமோ?" என்றாள்.

"எந்தச் சிலுவை?"

"அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ளை, அடியிலை, உங்களுக்குக் காவலா வைச்சனான். சொன்னால் சிரிப்பியள் எண்டு சொல்லேல்லை."

"ஓம் ஓம், இருக்கு" என்று பொய் சொன்னேன்.

ஆராய்ச்சிக்குக் கூட வந்த கெபெக் மாகாணத்துக்காரர் ஜீலிடம் பெட்டியைத் தேட வேண்டும் என்றேன். "கவலைப்படாதே, தரவெல்லாம் வந்துவிட்டது" என்று தோளில் தட்டினார். விசயத்தைச் சொன்னதும் ஆள் உடனே காரை எடுத்தார். அவருடைய அம்மாவும் இடிக்குப் பயந்து கதவில் குருத்தோலை செருகி வைப்பாராம். கடைசிச் சமிக்ஞை வந்த கோதுமை வயலில், இடுப்பளவு பயிருக்குள் மத்தியானம் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பி உண்மையைச் சொன்னேன். மெற்றில்டா அழுதாள். என்னைப் பார்க்காமலே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டாள். கோப்பையை நீட்டியபடி கேட்டாள்.

"அது எவ்வளவு உயரம் போனது?"

"இடிமுகிலுக்கும் மேலை."

"அப்ப இந்தமுறை இடி அண்ணைக்குக் கீழை."

இப்போதும் இடித்தால் ஓலை பொசுக்குகிறாள். பிறகு என்னைக் கணினியில் வானிலை பார்க்கச் சொல்கிறாள். முதலில் மன்னார், அண்ணனின் கல்லறை அங்கே. அடுத்தது சஸ்காட்செவன். "வயலுக்கை மழையோப்பா?" என்று கேட்கிறாள். மொன்றியலில் என்ன வானிலை என்று நாங்கள் பார்ப்பதில்லை. அது பல்கனிக் கதவில் அடித்துக்கொண்டிருக்கும்.