பின்மண்டையில் போட்ட ஊசி

கோழிப்பண்ணை வைத்த நாலாவது வருஷம் எனக்குத் தலைவலி பிடித்தது. தீவனத்தைக் கூடையில் அள்ளி, தலையில் தூக்கிப் போய்க் கொட்டகை கொட்டகையாகப் போடுவது என் வேலை. வலி கழுத்தில் கிளம்பிப் பின்மண்டை வழியாக ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுக்குப் பற்று, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் பார்த்தாயிற்று. "வேலைன்னா மட்டும் உனக்குத் தலை வலிச்சுரும்" என்பார் என் வீட்டுக்காரர். வலியைவிட அந்தப் பேச்சுதான் எரிச்சல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டிக்கு நோவு என்றாலும் டாக்டரிடம் பேசுவது புருஷன்தான். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவது மட்டும் நம் பொறுப்பு. டாக்டர் என் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். "கோளாறு தலையில இல்ல, கழுத்துல. பின்மண்டை நரம்பு மரத்துப்போக ஒரு ஊசி போடறேன். கொஞ்ச நேரம் வலி நின்னாக்கூடப் போதும், நரம்புதான் காரணம்னு தெரிஞ்சிடும். அப்புறம் நாள்பட நிக்கிற மருந்து போடலாம். நிக்கலைன்னா இந்த வைத்தியமே பிரயோஜனமில்ல" என்றார்.

ஊசி போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். பஸ் ராசிபுரம் தாண்டும்போது வலி இல்லை. இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

"எப்படி இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படியேதானுங்க இருக்குது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தலையில் துணியை இறுக்கிக் கட்டிப் படுத்துவிட்டேன். வருஷக்கணக்கில் வலியோடு கூடை சுமந்தவளுக்கு வலியில்லாமல் ஒரு மத்தியானம் படுக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். நடிப்புக்காரி என்று பேர் வாங்கியவள் உண்மையில் நடித்தது அன்றைக்குத்தான். அவரே தீவனம் போட்டார், முட்டை பொறுக்கினார். பொழுது சாய, வலி திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் டாக்டர் கேட்டதும் அவர் முந்திக்கொண்டார். "ஊசி கேக்கலீங்க. அன்னைக்குப் பூராவும் துணியக் கட்டிட்டுப் படுத்தே கெடந்தாளுங்க."

அப்படியானால் இந்த வைத்தியம் வேண்டாமென்று டாக்டர் என் சீட்டை மடித்து நீட்டினார். இனி சாகும்வரை இந்தத் தலைதான் என்று எனக்குப் பகீரென்றது.

"இல்லீங்க டாக்டரு. சாயங்காலம் வரைக்கும் சுத்தமா வலி இல்லீங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டனுங்க."

மருந்து ஊசி கிடைத்தது. நாலைந்து மாதம் நிம்மதியாக இருந்தேன். என் வலி நிஜம் என்பதும் நான் நடித்தேன் என்பதும் அன்று ஒன்றாகத்தான் வெளியே வந்தன. என் வீட்டுக்காரர் பிந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் கேட்பார்:

"இது நெசமான வலியா, அன்னைக்கு மாதிரியா?"