பாகுத் தாச்சி

சீனியைக் கண்ணால் காணவே கிடைக்காத சண்டைக் காலம் அது. ஊர்காவற்றுறையில் எங்கள் குசினியில், நாரத்தங்காய்த் தோலைச் சீனிப்பாகில் போட்டுத் தாச்சியில் கிண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து அறையில் என் மாமியார் இடுப்பு முறிந்து எழும்ப முடியாமல் கிடந்தார். வாய்க்கு மட்டும் ஒரு முறிவும் இல்லை.

"பிள்ளை, வடிவாக் கிண்டு. பாகு அடிப்பிடிச்சால் உன்னைத்தான் காய்ச்சுவன்."

"கத்தாதையுங்கோ மாமி, பாகு பயந்து இறுகப் போகுது."

அந்த நேரம் ஹெலிகொப்டர் வந்து மேலேயிருந்து சுடத் தொடங்கியது. நான் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தேன். தோட்டத்திலிருந்து ஓடிவந்த என் மனிசன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்கையப்பா?"

என் இரண்டு கையிலும் தாச்சி.

அவர் வீட்டுக்குள் ஓட, நானும் தாச்சியோடு பின்னால் ஓடினேன். மாமியின் கட்டில் முழுக்க உடைந்த கூரை ஓடு. நடுவில் அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு படுத்திருந்தார். மனிசன் என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார்.

"அவளை அடியாதை தம்பி. நான்தான் பாகைக் கொண்டு ஓடு, என்னைப் பிறகு பாக்கலாம் எண்டனான்."

மாமி அப்படிச் சொல்லவே இல்லை.

மனிசன் தண்ணீர் எடுக்கப் போனதும் மாமி என்னிடம் பாகில் கிடந்த தோலில் ஒரு துண்டு கேட்டார். ஓட்டுத்தூள் படிந்த முகத்தோடு மென்றார்.

"கைக்குது. தோலை இன்னும் ரெண்டு தண்ணியிலை அவிச்சிருக்க வேணும்."

மாமியைப் பற்றி நான் ஊரில் சொல்லாத பகிடி கிடையாது. இந்தக் கதையை மட்டும் அவர் கண்மூடும் வரை ஒருவருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.