ரோஜாக் கத்தரிக்கு ஒரு பிடி

கேட்டைத் திறப்பதற்கு முன்பே சீனிவாசராகவனின் கை உள்ளே வந்துவிடுகிறது. கம்பிகளுக்கு நடுவே முழங்கை வரை நுழைத்து, சுவரில் சாத்தியிருக்கும் என் வேலிக் கத்தரியின் பிடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அப்புறம்தான் "ஸ்வர்ணா!" என்று குரல் வருகிறது. நான் போய் நின்றால் குட்மார்னிங் கிடையாது, சௌக்கியமா கிடையாது. "இது போயிடுத்தும்மா. மெத்துன்னே இல்லே. உள்ள இருக்கற இரும்பு விரலுக்குத் தெரியறது பாரு. இத வெச்சுண்டு எப்படி வெட்டறே?"

போன மாதம்தான் அதற்கு அவரே புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். அதைச் சொன்னேன். "போன மாசம் போட்டது போன மாசத்துக்கு" என்று சொல்லிக் கத்தரியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். இனி அது எப்போது வீடு திரும்பும் என்பது அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் கூட இவரிடமிருந்து தப்ப முடியாது. களைக்கொத்து, மண்வெட்டி, புல் வெட்டும் மிஷின், எதற்கு ஒரு பிடி இருக்கிறதோ அதற்கு இவர் இருக்கிறார். அரசாங்க ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒல்லியாக, உயரமாக, நெற்றியில் சிவப்பாக ஒற்றைக் கோட்டோடு, தோளில் ஒரு ரெக்ஸின் பையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறார். பைக்குள் சைக்கிள் ட்யூப் துண்டுகள், ஸ்கூட்டர் ஹேண்டிலில் இருந்து கழற்றிய ஸ்பாஞ்ச், பையன்கள் தூக்கிப் போட்ட கிரிக்கெட் மட்டைகளிலிருந்து உரித்த ரப்பர் உறைகள், பிளேடு, சோப்பு டப்பா. கூடவே ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் சப்பாத்தி மாவு. மாவு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மனிதருக்கு உட்காரத் தெரியாது. காபியை நின்றுகொண்டே பாதி குடித்துவிட்டு மீதியைச் சுவரில் வைத்துவிட்டுப் போவார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார். கல்யாணப் பந்தியில் இவருக்குப் பக்கத்து இலையில் உட்காருவது மகா தண்டனை. தயிர் சாதம் வருவதற்குள் இவர் இலையை மூடிவிடுவார், மரியாதைக்குப் பயந்து நாமும் அரைகுறையாக விழுங்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பெங்களூரே பயந்துகொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அதே கவலையில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தபோது இவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நின்னா நிக்கட்டும் ஸார். உங்காத்து மண்வெட்டி எங்கே?"

வேலையில் சூரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பழைய பிடியைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரிப்பார். அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். புது ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்கி முறுக்கி ஏற்றுவார். காய்ந்தால் கவ்விக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவினால் லேசாக ஏறுமே என்று நான் ஒரு தடவை வாயைக் கொடுத்துவிட்டேன். "எண்ணெயா? ஏறும், நன்னா ஏறும். அப்பறம் பிடி உன் கையில இருக்கும், மண்வெட்டி பக்கத்தாத்துல இருக்கும்."

ஆனால் அந்தக் காய்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் அவருக்கு எமன். ரப்பரை ஏற்றிய கையோடு இப்படி நடப்பார், அப்படி நடப்பார், "காஞ்சிருக்கும், காஞ்சிருக்கும்" என்று பிடித்து ஒரு திருகு திருகுவார். ஈரம் போகாத ரப்பர் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். மறுபடி வெந்நீர், மறுபடி சோப்பு. பாதி வேலையை அவரே கெடுத்து அவரே செய்கிறார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. யாராவது இடது கையால் எதையாவது கொடுத்தால் வாங்க மாட்டார். "கையை மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு நிற்பார். பஸ் கண்டக்டராக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தாலும் சரி. பழைய ட்யூப் கொடுக்கிற சைக்கிள் கடைக் கோவிந்தப்பாவுடன் இதற்காகவே தினம் ஒரு மல்லுக்கட்டு. கோவிந்தப்பா வலது கையில் ஸ்பானரும் இடது கையில் ட்யூபுமாக நீட்டுவார். இவர் வாங்காமல் நிற்பார். "எரடு கையூ நந்தே, ஸ்வாமி" என்பார் அவர், இரண்டும் என் கைதானே என்று. இவர் மசிய மாட்டார். கடைசியில் கோவிந்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு கையை மாற்றுவார்.

இந்த அலைச்சல் எல்லாம் ஒரே ஒரு கத்தரிக்காகத்தான். அது அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமியின் ரோஜாக் கத்தரி.

போன தீபாவளிக்கு அப்புறம் மாமிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. வாசலில் மாமி வளர்த்த ரோஜாச் செடிகள் இந்தத் தெருவுக்கே பெயர் வாங்கித் தந்தவை. தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு ரோஜாவைத் தன் கையால் வெட்டி பெருமாள் படத்துக்கு வைத்தால்தான் மாமிக்குக் காபி இறங்கும். இப்போது வேறு யாரையும் செடியைத் தொட விடுவதில்லை. நான் வெட்டித் தருகிறேன் என்றேன், மார்க்கெட்டில் வாங்கி வருகிறேன் என்றார் மாமா. "நான் வெட்டினாத்தான் பூ. இல்லாட்டா வேண்டாம்" என்று மாமி முடித்துவிட்டார். அதனால் பூக்கள் செடியிலேயே மலர்ந்து செடியிலேயே கருகுகின்றன. பெருமாளுக்குத் துளசி மட்டும்தான்.

பிடி கொஞ்சம் தடியாக இருந்தால், கொஞ்சம் மெத்தென்று இருந்தால், விரலுக்குப் பள்ளம் பள்ளமாக இருந்தால் மாமியின் கை பிடித்துக்கொள்ளும் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. புதிதாக ஒன்று தோன்றினால் முதலில் நம் வீட்டுச் சாமான்களில் போட்டுப் பார்க்கிறார். என் வேலிக் கத்தரி அடிக்கடி காணாமல் போவதற்குக் காரணம் அதுதான். சப்பாத்தி மாவும் அதற்குத்தான். விரலுக்குப் பயிற்சியாக மாவைப் பிசையச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அதை இவர் பிடித்துக்கொண்டார். தினமும் ஓர் உருண்டையை மாமியின் வலது கையில் வைத்து அழுத்தச் சொல்லி, பதிந்த தடத்தைப் பார்த்துப் பிடி செய்கிறார். ஒத்திகைக்கு எங்கள் கைகள். காய்கறி வாங்கப் போகிறவளை நடுத்தெருவில் நிறுத்தி, "ஸ்வல்பம் அழுத்தும்மா" என்று மாவை நீட்டினால் கோபம் வருமா வராதா?

மாமியின் கையிலிருந்து கத்தரி ஒவ்வொரு தடவையும் நழுவும். ஒவ்வொரு தடவையும் மாமா ஒன்றையேதான் சொல்லுவார். "ரப்பர் சரியில்லே." மாமியின் கையை அவர் இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை என் கத்தரியை மீட்டுக்கொண்டு வரலாம் என்று போனேன். மாமா கோவிந்தப்பா கடைக்குப் போயிருந்தார். மாமி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தட்டில் அன்றைய மாவு உருண்டை. அதன் மேல் லேசான கீறல்கள்தான் விழுந்திருந்தன.

"பாத்தியா என் பராக்கிரமத்தை?" என்றார் மாமி. "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லே இவர். எழுந்து எழுந்து போய் ரப்பரைத் தடவிப் பாத்துண்டிருக்கார். எனக்குக் கை போனதைவிட இதுதான் தாங்கலே ஸ்வர்ணா."

சொன்ன வேகத்தில் மாவை இடது கையால் எடுத்து ஒரு பிடி பிடித்தார். நாலு விரலும் கட்டைவிரலும் ஆழமாகப் பதிந்தன. நான் அசந்துபோனேன்.

"மாமி, இந்தக் கையிலே இவ்வளவு பலமா?"

"பொறந்ததுலேர்ந்தே எனக்கு இதுதான் கை. இந்தாத்துக்கு வந்த மொதல் நாள் இந்தக் கையால பூவைத் தொட்டேன், மாமியார் தட்டிவிட்டா. அன்னிலேர்ந்து இவர் 'கையை மாத்து, கையை மாத்து'ன்னு மாத்தியே விட்டுட்டார்."

"அப்போ இந்தக் கையால வெட்ட வேண்டியதுதானே?"

"பெருமாளுக்கு ஆட்சேபணை இருக்காது" என்றார் மாமி. "இவருக்குத்தான் இருக்கும். இவருக்கு வேண்டாத பூவை வெட்டி என்ன பண்றது?"

மாவைத் தட்டில் வைப்பதற்கும் மாமா படியேறுவதற்கும் சரியாக இருந்தது. மாவைப் பார்த்தார். பையைக் கீழே போட்டார். "சுப்பு! வந்துடுத்து! கை வந்துடுத்து!" யார் கை எப்படிப் பதியும் என்று தெருவுக்கே பாடம் எடுக்கிறவர், கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. உருண்டையைக் கர்ச்சீப்பில் ஏந்திக்கொண்டு கோவிந்தப்பாவிடம் காட்ட ஓடினார். கண் கலங்கியிருந்தது.

நான் மாமியைப் பார்த்தேன். "சொல்லாதே" என்றார் மாமி. "பாவம். இன்னிக்கு ஒரு நாளாவது தூங்கட்டும்."

மறுநாள் காலையில் கேட்டுக்குள் கை வரவில்லை. தெருவிலிருந்தே கத்தினார். "வா வா, மாமி பூ வெட்டப் போறா!" எனக்குப் போக மனம் வரவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

கத்தரியைப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. ஸ்பாஞ்ச் சுற்றி, அதன் மேல் சிவப்பு மட்டை ரப்பர் ஏற்றி, ட்யூபை வளையம் வளையமாக வெட்டிப் போட்டு விரலுக்கு விரல் பள்ளம் செய்திருந்தார். நழுவினால் தரையில் விழாமல் இருக்க, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு நாடாவும் கட்டியிருந்தார். அதை மாமியின் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். ஒரு விரலும் பள்ளத்தில் உட்காரவில்லை, எல்லாம் மேட்டில் ஏறி நின்றன. அவர் கையை எடுத்ததும் கத்தரி மாமியின் மடியில் விழுந்தது.

"ரப்பர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நேற்றைய மாவு கர்ச்சீப்பில் கல்லாகக் காய்ந்திருந்தது. அதை எடுத்துத் தன் வலது கையைப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பினார், கவிழ்த்தார், பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்மேல கோவமா?" என்று கேட்டார்.

மாமா கத்தரியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். பிளேடை எடுத்துச் சிவப்பு ரப்பரை நீளவாக்கில் கீறினார். ட்யூப் வளையங்களைக் கழற்றி, மாவைப் பார்த்துப் பார்த்து மறுபக்கமாக மாட்டினார். வெந்நீருக்கு நானே உள்ளே போனேன். ரப்பர் ஏறியதும் கத்தரியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திருகிப் பார்க்கவில்லை, தொடக்கூட இல்லை. வெயில் ஏறி அவர் தலைக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

காய்ந்த பிறகு கொண்டுவந்து மாமியின் இடது பக்கம் நீட்டினார். மாமி அவர் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு படியிறங்கி, நன்றாக மலர்ந்திருந்த ஒன்றைப் பார்த்து வைத்து, ஒரே வெட்டு. பூ கீழ்க்கிளையின் முள்ளில் சிக்கி நின்றது. மாமி கத்தரியை மணிக்கட்டு நாடாவில் தொங்க விட்டு, அதே கையால் பூவை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

'கையை மாத்து' இதோ வருகிறது, இதோ வருகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் வலது கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார்.