கதிர்க்கையனின் கடைசி இதழ்

என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பேழை இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பு. ஒரு பழைய அமெரிக்கச் சித்திரக்கதை இதழை அதற்குள் வைத்து, நான்கு விளிம்பையும் உருக்கி ஒட்டி, பத்துக்கு ஆறரை என்று தரப்புள்ளியும் போட்டிருந்தார்கள். வாசிக்க அச்சடித்ததை வாசிக்க முடியாமல் அடைப்பதும் ஒரு தொழிலாம்.

தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் என்னோடு பத்தொன்பது வருடம் நின்றவர் அண்ணை. மன்னார்க்காரர். சிறு வயதில், வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் தேவாலயப் பங்குமனையில் விட்டுப்போன புத்தகக் கட்டொன்றில், கதிர்க்கையன் என்ற சித்திரக்கதை நாயகனின் முதல் இருபத்துமூன்று இதழ்களையும் வாசித்திருந்தார். தேநீர் இடைவேளைகளில் அந்த வரலாறுதான். வெளிச்சவீட்டு வேலையாள் ஒருவனை மின்னல் அடிக்கிறது. இரண்டு உள்ளங்கையிலும் ஒளி பிறக்கிறது. உலக யுத்த காலத்தில் நீர்மூழ்கிகளை எரித்துக் கருக்குகிறான். அதுதான் அவனுடைய பொற்காலம். யுத்தம் முடிய, சனத்துக்கு அவன் சலித்துவிட்டான். இருபத்துநான்காம் இதழோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி இதழ் சாமியாரின் கட்டுக்குள் இருக்கவில்லை. "அவன்ர வெளிச்சத்துக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமச் சாக ஏலாது தம்பி" என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார், எண்ணியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பழைய புத்தகச் சந்தையில் அந்த இருபத்துநான்காம் இதழ் கிடைத்தது. பேழையோடு ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். இருதய வருத்தத்தால் மருத்துவமனையில் கிடந்து திரும்பியிருந்தார். கண்டதும் கத்தரிக்கோலைத் தேடினார்.

"உடைச்சா ஆறரை போயிடும் அண்ணை."

"போனாப் போகட்டும். அவன் என்ன சோதினையே எழுதினவன்?"

நான் கொடுக்கவில்லை.

"மாதா சொரூபத்தையே திருநாளுக்குக் கண்ணாடிக் கூட்டால வெளியில எடுக்கிறம். இவன் அவவிலும் பெரிய ஆளோ?"

"சரி, உங்கட பிறந்தநாளுக்கு உடைப்பம்" என்று பேழையைத் திரும்பக் கொண்டுவந்தேன். பிறந்தநாளுக்கு நாற்பத்துமூன்று நாள் இருந்தது. முப்பத்தொன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, சமையலறைக் கத்தியால் பேழையைப் பிளந்தேன். அட்டையில் கதிர்க்கையன் இரண்டு கையாலும் எரிகிறான். உள்ளே ஐம்பத்திரண்டு பக்கம்: பேசும் வாத்துகள், குதிரை வீரர்கள், ஒரு காதல் கதை. அவன் இல்லை. மறுபடி எண்ணினேன், ஐம்பத்திரண்டுதான். பின்னட்டையின் உட்புறத்தில், கட்டைவிரல் அளவில், பல்லைக் காட்டிக்கொண்டு டோர்ச் லைட் விற்கிறான். அவ்வளவுதான் அவனுடைய முடிவு.

அண்ணை கண்டிருந்தால் தொடையில் அடித்துக் கண்ணீர் வரச் சிரித்திருப்பார். "கையில வெளிச்சம் இருந்தவனுக்கு டோர்ச் என்னத்துக்கடாப்பா?" என்று கேட்டிருப்பார். அந்தச் சிரிப்பை ஓர் அரைப் புள்ளியும் குறையாமல் காப்பாற்றி வைத்தவன் நான்.

இதழை அவருடைய மகளிடம் கொடுத்துவிட்டேன். வெறும் பேழைதான் மேசையில் கிடக்கிறது. ஆறரை என்ற ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். வருகிறதாயில்லை.